‘டெஸ்க்டாப் சைட்’ டிக் போடலாமா, ஜெராக்ஸ் கடைக்கு நடக்கலாமா?

பாம்பனில் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் உள்ள வீடுகள் இரண்டுதான். ஒன்றில் அது பையன் கேம் விளையாடுவதற்கு. இன்னொன்றில் உப்புக்காற்று பட்டுப் பட்டு கீபோர்டில் பாதி எழுத்து அமுங்காது. போன் இல்லாத வீடோ ஒன்றுகூடக் கிடையாது. ரயில் டிக்கெட், கல்லூரி விண்ணப்பம், காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பது, எல்லாம் அந்த ஆறு அங்குலக் கண்ணாடிக்குள்தான் நடக்கிறது. நான் மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அங்கே கம்ப்யூட்டர் உண்டு, ஆனால் அதில் என் சொந்த வேலையைத் திறந்தால் முதலாளியின் முகம் மாறிவிடும். ஆகவே நானும் போன்காரன்தான். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று தெருவில் பெயர் வாங்கிவிட்டதால் சாயங்காலமானால் யாராவது போனை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். “இதுல பட்டனே வரமாட்டேங்குது, என்னன்னு பாரு.”

பட்டன் வராதபோது நமக்கு வழிகள் சில உண்டு. வருகிற பக்கத்தை வைத்தே சமாளிக்கலாம். பிரவுசரின் மூன்று புள்ளியைத் தொட்டு, கம்ப்யூட்டரில் வருகிற பக்கத்தையே போனிலும் காட்டச் சொல்லும் ‘டெஸ்க்டாப் சைட்’ என்பதற்கு டிக் போடலாம். அந்தத் தளத்துக்கு ஆப் இருந்தால் இறக்கலாம். போனைப் பையில் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கோ இ-சேவை மையத்துக்கோ நடக்கலாம். பழைய லேப்டாப் ஒன்று வாங்கலாம். எதை எப்போது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். நானும் தடுமாறியவன்தான், அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் காகித வேலைக்கு ஒரு பருவம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், வலை பிரித்துத் தைப்பார்கள், வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட விண்ணப்பங்களையும் அப்போதுதான் எடுப்பார்கள். பிளஸ் டூ முடிவும் அந்தச் சமயத்தில்தான் வரும். என் தாய்மாமா விசைப்படகுக்காரர். அவர் மகளுக்கு ஒரு கல்லூரியின் விண்ணப்பத்தை என் போனில் நிரப்பிக்கொண்டிருந்தோம். இரண்டு பக்கம் ஒழுங்காகப் போனது. மூன்றாம் பக்கத்தில் மதிப்பெண் போடும் அட்டவணை. “மச்சான், அடுத்த பட்டன் திரைக்கு வெளியே கிடக்கு” என்றாள். பாதிதான் தெரிந்தது, விரலுக்கு அகப்படவில்லை. பெரிய புத்திசாலி மாதிரி மூன்று புள்ளியைத் தொட்டு டிக் போட்டேன். பக்கம் புதிதாக ஏறியது. லாகின் போயிற்று, நிரப்பிய இரண்டு பக்கமும் போயிற்று. மாமா ஒன்றும் சொல்லவில்லை. “டீ குடிப்போமா மருமகனே” என்று மட்டும் கேட்டார்.

டிக் போட்டால் ஏன் எல்லாம் போகிறது என்று அன்று எனக்குத் தெரியாது. போன் ஒரு பக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் தன்னைப் பற்றி ஒரு வரியையும் சேர்த்து அனுப்புகிறது: நான் ஆண்ட்ராய்டு, நான் மொபைல், இன்ன பிரவுசர் என்று. டிக் போட்டதும் குரோம் அந்த வரியை மாற்றி, நான் லினக்ஸ் கம்ப்யூட்டர் என்று சொல்லிக்கொண்டு பக்கத்தை முதலிலிருந்து கேட்கிறது. ஆள் மாறிவிட்டான் என்று சில தளங்கள் வெளியே தள்ளிவிடும். தள்ளாவிட்டாலும் பக்கம் புதிதாக ஏறுவதால் சேமிக்காத எழுத்து போனது போனதுதான். டிக் போடுவதானால் லாகின் செய்வதற்கு முன்பே போட வேண்டும்.

அந்த டிக் இன்னொரு வேலையும் செய்கிறது, கண்ணுக்குப் படுவது அதுதான். நம் போன்கள் பெரும்பாலும் 360 முதல் 412 பிக்சல் அகலம் என்று தளத்துக்குக் கணக்குக் காட்டும். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண் வேறு, இது பக்கத்தை அடுக்குவதற்கான கணக்கு. டிக் போட்டால் அந்தக் கணக்கு 980 ஆகிவிடும். இந்த 980 எங்கிருந்து வந்தது என்றால், 2007-இல் ஐபோன் வந்தபோது இணையம் முழுக்கக் கம்ப்யூட்டர் அகலத்துக்குத்தான் கட்டப்பட்டிருந்தது. ஆகவே அதன் பிரவுசர் பக்கத்தை 980 பிக்சலுக்கு விரித்து, அப்படியே சுருக்கிக் காட்டியது. பிறகு தளங்கள் போனின் அகலத்தைப் பார்த்துத் தாமாக மடங்கக் கற்றுக்கொண்டன. ஈதன் மார்கோட் என்ற இணைய வடிவமைப்பாளர் 2010-இல் அந்த முறைக்குப் பெயர் வைத்து எழுதினார். 2015 ஏப்ரலில் கூகுள், போனுக்கு ஒத்துவரும் பக்கங்களுக்குப் போன் தேடலில் முன்னிடம் கொடுக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு மடங்காத தளங்கள் குறைந்துவிட்டன. ஆக, இன்று டிக் போடுகிறவர் தன் போனை 2007-க்குத் திருப்பி அனுப்புகிறார்.

அதற்குக் கண் ஒரு விலை கொடுக்கிறது. 980 பிக்சல் பக்கம் 360-க்குள் சுருங்கினால், 16 பிக்சல் எழுத்து கிட்டத்தட்ட 6 பிக்சல் ஆகிவிடும். உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. வெள்ளெழுத்து வந்த மாமாவுக்கு, மத்தியான வெயிலில், படகுத்துறையில் நின்றுகொண்டு? வாய்ப்பே இல்லை. ஆனால் அதே போனைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்தால் அகலம் 800 பக்கம் வந்துவிடும், எழுத்தும் 13 பிக்சலுக்கு மீண்டுவிடும். டெஸ்க்டாப் சைட் நன்றாக இல்லை என்று சொல்பவர்களில் பாதிப்பேர் போனைச் செங்குத்தாகப் பிடித்தபடிதான் அதைச் சொல்கிறார்கள். ஆட்டோ ரொட்டேட்டை ஆன் செய்யாமல் இந்த டிக்கைத் தொடாதீர்கள்.

இப்போது எதற்கு எது.

அகலமான அட்டவணைக்கு டெஸ்க்டாப் சைட்டை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் மீன்கூட்டம் சேர வாய்ப்புள்ள இடங்களை வெளியிடுகிறது. ஒவ்வொரு மீன் இறங்குதளத்துக்கும் திசை, கோணம், எத்தனை கிலோமீட்டரிலிருந்து எத்தனை வரை, ஆழம் எத்தனை மீட்டரிலிருந்து எத்தனை வரை, அட்சரேகை, தீர்க்கரேகை என்று ஒரே வரியில் ஓடும். தமிழிலும் கிடைக்கும். இத்தனை பத்தி உள்ள எந்த அட்டவணையும் செங்குத்துப் போனில் அடங்காது. ஆழத்தைப் பார்க்க வலப்பக்கம் தள்ளினால் ஊர்ப்பெயர் இடப்பக்கம் ஓடி மறைந்துவிடும், இது முந்தலுக்கா மண்டபத்துக்கா என்று தெரியாது. டிக் போட்டு, போனைக் குறுக்கே பிடித்தால் வரி முழுசாக வந்து நிற்கும். மாமா மீட்டரைப் பாகமாக (கடலில் ஆழம் சொல்லும் பழைய அளவு) மனக்கணக்கிலேயே மாற்றிக்கொள்வார், அதற்கு எந்தத் தளமும் வேண்டாம். தேர்வு முடிவுப் பட்டியல், விலைப்பட்டியல், கூட்டுறவுச் சங்கக் கணக்கு எதுவானாலும் இதே கதைதான்.

மறைந்த மெனுவுக்கும் அது உதவும். மடங்கும் தளங்கள் எல்லாவற்றையும் மூன்று கோட்டுக்குள் ஒளித்து வைக்கும். சிலர் இடம் போதாது என்று சிலவற்றைப் போனில் காட்டாமலே விட்டுவிடுவார்கள். போன வருஷம் கண்ணால் பார்த்த பழைய ரசீது லிங்க் இந்த வருஷம் போனில் இல்லை என்றால், டிக் போட்டுப் பாருங்கள், மூலையில் எங்காவது இருக்கும்.

ஆனால் காற்று வரைபடத்துக்கு இதைப் போடாதீர்கள். விண்டி போன்ற தளத்தில் படம் முழுத்திரைக்கும் வந்து, விரலால் இழுக்கவும் விரிக்கவும் வசதியாக வைத்திருக்கிறார்கள். டிக் போட்டால் வரைபடத்தைப் பெரிதாக்குகிறோமா பக்கத்தைப் பெரிதாக்குகிறோமா என்று நமக்கே தெரியாமல், பாக் நீரிணையைத் தேடப் போய் வங்காளத்தில் நிற்போம். வடகடலில் வாடை எழும்புகிறதா, தென்கடல் அமைதியாக இருக்கிறதா என்று பார்க்க மொபைல் பக்கமே போதும். அதைவிட ஆப் நல்லது.

ஆப் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எந்தப் பிரவுசர் வித்தையும் கரையோடு சரி. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் டவர் நின்றுவிடும், பக்கம் ஏறாது. ஜிபிஎஸ் அப்படியல்ல, செயற்கைக்கோள் தெரிந்தால் போதும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ ஆப் எல்லைக்கோட்டை நெருங்கும்போது எச்சரிக்கும் வசதியோடு வந்தது. கச்சத்தீவுப் பக்கம் தொழில் செய்கிற படகில் அந்த ஒரு வசதிக்கு நிகராக எந்தத் தளத்தின் எந்தப் பார்வையும் வராது. கடலுக்குள் வேண்டியதை ஆப்பில் வையுங்கள், கரையில் படிக்க வேண்டியதைப் பிரவுசரில் பாருங்கள்.

ஆப்பின் குறை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒவ்வொன்றும் இடம் கேட்கும், தொடர்பு எண்களைக் கேட்கும், கேமராவைக் கேட்கும். வருஷத்துக்கு ஒருமுறை தொடும் காரியத்துக்கு ஒரு ஆப்பை வருஷம் முழுக்கச் சுமப்பது எனக்குப் பிடிப்பதில்லை. போலி ஆப்புகளும் உண்டு. அரசுச் சேவை ஒன்றுக்கு ஆப் வேண்டுமென்றால் அந்தச் சேவையின் சொந்தத் தளத்தில் இருக்கும் லிங்க் வழியாகப் போங்கள், தேடலில் முதலில் வருவதை அமுக்காதீர்கள்.

பணம் கட்டும் இடத்தில்தான் டெஸ்க்டாப் சைட் மிக மோசமாகக் காலை வாரும். மொபைல் பக்கத்தில் யுபிஐ என்று தொட்டால், போனில் உள்ள ஜிபே, போன்பே என்று எதிலாவது நேராகக் கொண்டுபோய் விடும். நாம் கம்ப்யூட்டர் என்று சொல்லி வைத்திருப்பதால் தளம் நம்பிவிடும், பெரிதாக ஒரு கியூஆர் கோடைக் காட்டி ‘உங்கள் போனால் ஸ்கேன் செய்யுங்கள்’ என்று கேட்கும். கோடும் அதே போனில், கேமராவும் அதே போனில். தங்கச்சிமடத்தில் இருந்து வந்த ஒருவர் கண்ணாடி முன்னால் போனைப் பிடித்துச் செல்ஃபி கேமராவால் முயன்றதாகச் சொன்னார். சிரிக்காதீர்கள், அவசரத்தில் நாமும் செய்வோம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து யுபிஐ ஆப்பின் கேலரி வழியாகத் திறக்கலாம்தான், ஆனால் அதற்குள் நேரம் முடிந்து பணம் போயிற்றா இல்லையா என்ற குழப்பம் வந்துவிடும். ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பும்போது, மெமரி குறைந்த போன் பக்கத்தைக் கைவிட்டுவிடுவதும் உண்டு. கனமான டெஸ்க்டாப் பக்கம் என்றால் அதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

ரயிலுக்கும் அதே. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது, புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்தது. ராமேஸ்வரத்திலிருந்தே மறுபடி ஏறலாம் என்பதால் இப்போது தட்கல் கேட்டு என்னிடம் வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். நிமிஷக் கணக்கில் காலியாகும் இடத்தில் எறும்பு சைஸ் கட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டு நிற்க முடியாது. ஆப்பில் பயணிகள் பட்டியலை முன்பே சேமித்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

விண்ணப்பம் நிரப்புவதில் பதில் அவ்வளவு நேராக இல்லை. டெஸ்க்டாப் பார்வையில் கட்டத்தைத் தொட்டதும் பக்கம் தானாகப் பெரிதாகி எங்காவது நகரும். குறுக்கே பிடித்தாலோ கீபோர்டே பாதித் திரையை விழுங்கிவிடும். ஆகவே மொபைல் பக்கம் முழுசாக வேலை செய்தால் அதிலேயே முடியுங்கள். பட்டன் வெளியே கிடந்தால், டிக்கைத் தொடும் முன் போனைக் குறுக்கே திருப்பிப் பாருங்கள். பல நேரம் பட்டன் உள்ளே வந்துவிடும், பக்கமும் புதிதாக ஏறாது. அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் மாமாவுக்கு அந்த டீச் செலவு மிச்சம். எழுத்து சின்னது, விரித்தாலும் பெரிதாகவில்லை என்பதுதான் குறை என்றால், குரோம் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதியில் பெரிதாக்குவதைக் கட்டாயமாக்கும் ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளுங்கள், டெஸ்க்டாப் சைட் தேவையே படாது. ரசீது வரவில்லை என்றால் பாப்-அப் (தனியாகத் திறக்கும் ஜன்னல்) தடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மவுஸ் பட்டால் மட்டும் விரியும் மெனு இன்னொரு வில்லங்கம். கம்ப்யூட்டருக்கு என்று கட்டிய தளங்களில் அம்புக்குறி மேலே வந்து நின்றாலே கிளை மெனு விழும். விரலுக்கு நிற்பது என்பதே கிடையாது, தொடுவது மட்டும்தான். தொட்டால் சில சமயம் விரியும், சில சமயம் நேராக வேறு பக்கத்துக்குப் போய்விடும். இதற்கு நான் கண்டுபிடித்த மருந்து ஒன்றுதான்: ஓடிஜி. போனின் சார்ஜர் ஓட்டையில் மாட்டும் சின்னத் துண்டு, ராமநாதபுரம் பஸ் நிலையம் பக்கத்து மொபைல் கடைகளில் நூறு ரூபாய்க்குள் வாங்கினேன். அதில் கம்பெனியில் தூக்கிப்போட்ட பழைய மவுஸைச் சொருகினால் ஆண்ட்ராய்டு போனில் அம்புக்குறி வந்துவிடும். மெனு ஒழுங்காக விரிகிறது, சின்னக் கட்டத்தையும் குறிபார்த்துத் தட்டலாம், அட்டவணையைச் சக்கரத்தால் உருட்டலாம். டெஸ்க்டாப் சைட், குறுக்கே வைத்த போன், மவுஸ் மூன்றும் சேர்ந்தால் பாதிக் கம்ப்யூட்டர் கிடைத்த மாதிரி. பழைய லேப்டாப் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் முதலில் இதைச் செய்து பார்க்கச் சொல்கிறேன். அதற்குப் பிறகும் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை மூச்சு முட்டினால் வாங்குங்கள். உப்புக்காற்று ஊரில் லேப்டாப்பை மூடி வைக்கப் பெட்டியும் சேர்த்து.

ஜெராக்ஸ் கடையை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். போட்டோ இத்தனை கேபிக்குள், கையெழுத்து தனியாக, சான்றிதழ் பிடிஎஃப்பில் என்று கேட்கும் விண்ணப்பம், ஒருமுறை அனுப்பினால் திருத்த முடியாத விண்ணப்பம், இவற்றுக்குக் கடைதான். ஸ்கேனர் இருக்கிறது, பெரிய திரை இருக்கிறது, பிரிண்ட் கையோடு வரும். ஆனால் போகும்முன் வீட்டிலேயே போனில் டிக் போட்டு, குறுக்கே பிடித்து, விண்ணப்பம் முழுவதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். என்னென்ன கேட்கிறது என்று குறித்துக்கொண்டு போனால் இரண்டாம் நடை மிச்சம். அங்கே உட்கார்ந்ததும் மெயிலும் போன் நம்பரும் உங்களுடையதுதானா என்று திரையில் பாருங்கள். தெரிந்த அக்கா ஒருவர், கடல்பாசி எடுக்கப் போகிறவர், ஒரு கடையில் பதிந்த விண்ணப்பத்தில் கடைக்காரர் அவசரத்துக்குத் தன் மெயிலையே போட்டுவிட்டார். நிராகரித்த தகவலும் அவருக்கே போயிற்று. அக்காவுக்குத் தெரியவே மூன்று மாதம் ஆனது. கடைசியில் லாகவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள், பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

டேட்டா கணக்கும் கொஞ்சம் உண்டு. அகலத் திரை என்று நம்பித் தளம் பெரிய படங்களை அனுப்பும். டவர் நன்றாக இருக்கும் இடத்தில் பரவாயில்லை, ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்தில் பக்கம் பாதியில் நின்று சுற்றும். தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்கள் ரோமிங்கை அணைத்துவிட்டுப் போங்கள், அங்கே போன் இலங்கை டவரையும் பிடிக்கும்.

ஐபோன்காரர்களுக்கு: சஃபாரியில் முகவரிப் பட்டையில் இருந்தே டெஸ்க்டாப் பக்கத்தைக் கேட்கலாம். பெரும்பாலான ஐபேடுகளில் 2019 முதல் அதுவே இயல்பு, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். கீழக்கரையில் சபுராளி (வெளிநாட்டில் பிழைக்கப் போனவர்) வீடுகளில் வெளிநாட்டிலிருந்து வந்த ஐபேட் சும்மா கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்ப நாளில் அதைக் கேட்டு வாங்குவது மேலே சொன்ன எல்லா வழியையும்விடச் சுலபம்.

டிக் போட்டவர்கள் அதை எடுக்க மறப்பதும் வழக்கமாகிவிட்டது. அத்தை ஒருநாள், போன் கெட்டுவிட்டது, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுகிறது என்று கொண்டுவந்தார். யாரோ அமைப்புகளுக்குள் போய் எல்லாத் தளத்துக்கும் டெஸ்க்டாப் என்று வைத்துவிட்டிருந்தார்கள். அதை அணைத்தேன், போன் குணமாகிவிட்டது. குறிப்பிட்ட ஒரு தளத்துக்கு மட்டும் நிரந்தரமாக வேண்டுமென்றால் அதே இடத்தில் அந்தத் தளத்தின் பெயரை மட்டும் சேர்க்க முடியும். என் போனில் இரண்டே தளங்கள் அப்படி இருக்கின்றன, இரண்டும் அட்டவணைத் தளங்கள்.

மாமா மகளின் விண்ணப்பத்தை மறுநாள் மறுபடி நிரப்பினோம். லாகினுக்கு முன்பே டிக், போன் ஒரு டிபன் பாக்ஸில் சாய்ந்து குறுக்கே, கையில் மவுஸ். கட்டணம் கட்டும் பக்கம் வரும்முன் சேமித்து வெளியே வந்து, டிக்கை எடுத்துவிட்டு, மொபைல் பக்கத்தில் பணம் கட்டினாள். பிரிண்ட் மட்டும் கடையில். இடமும் கிடைத்துவிட்டது. மவுஸ்தான் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. மூன்று வீடு தள்ளிப் போயிருக்கிறது, நாளைக்குத் தருவதாகச் சொல்லி நாலு நாள் ஆகிறது.